டிசம்பர் கல்லூரிச் சேர்க்கை முடிவுகள் குறித்துப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் பெற்றோருக்கு

அன்புடைய பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை காலை, நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் உதவி ஆசிரியராகப் பணியாற்றும் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, சிறுவர்களின் ழகர, ளகரப் பயிற்சித்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரே தாளை நெடுநேரம் கையில் வைத்திருந்ததோடு, சரியான விடைகளையே சிவப்பு மையால் சுழித்திருந்தார். அருகில் போய் அமர்ந்தேன். "டிஃபர் ஆயிடுச்சு டீச்சர். அப்பா இன்னும் பேசல" என்றார். ஒரு பல்கலைக்கழகம் அவர் விண்ணப்பத்தை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை; முடிவைத் தள்ளிவைத்திருந்தது. அவருடைய சம்மதத்துடன்தான் இதைக் குறிப்பிடுகிறேன். அவர் சொன்ன இரண்டாவது வாக்கியமே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

நவம்பர் 1-ஆம் தேதிக்குள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஏர்லி டிசிஷன் (இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வேன் என்ற கட்டுப்பாட்டுடன் முன்கூட்டியே விண்ணப்பிப்பது) அல்லது அந்தக் கட்டுப்பாடில்லாத ஏர்லி ஆக்‌ஷன் முறையில் விண்ணப்பித்த நம் பிள்ளைகளில் பலருக்கு இந்த வாரத்தில் முடிவு வந்திருக்கிறது. இடம் கிடைத்தவர்களுக்கு மனமார்ந்த வாழ்த்துகள். மற்ற குடும்பங்களோடுதான் இன்று சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மகன் இதே டிசம்பரில், மாடியில், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தன் முடிவைத் திறந்து பார்த்தான். மறுப்பு. அவன் கீழே இறங்கி வருவதற்குள் நான் என் தங்கையிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். மறுநாள் விடிவதற்குள் திருச்சியிலிருந்து என் அம்மா அவனை அழைத்து, "கவலைப்படாதே கண்ணா" என்றார். அவன் யாரிடமும் சொல்லாத ஒன்றுக்கு உலகமே ஆறுதல் கூறியது. முடிவு வந்த வருத்தம் அவனுக்குச் சில நாட்களில் தணிந்தது. அம்மா முந்திக்கொண்டு ஊருக்குச் சொல்லிவிட்டாள் என்ற வருத்தம் தணியப் பல மாதங்கள் ஆயின. பிறகு அவன் எங்கே சேர்ந்தான், என்ன ஆனான் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று முடியும் கதைகள், அந்த இரவில் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்க உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எவ்வகையிலும் உதவுவதில்லை என்பது என் அனுபவம். அது அவர்களுடைய செய்தி. யாருக்கு, எப்போது, எந்தச் சொற்களில் சொல்வது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

மறுப்பும் தள்ளிவைப்பும் ஒன்றல்ல. தள்ளிவைப்பும் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் ஒரே பொருள் தருவதில்லை. 2023 டிசம்பர் முடிவுகளில், யேல் பல்கலைக்கழகத்திற்கு முன்கூட்டியே விண்ணப்பித்திருந்தவர்கள் 7,856 பேர்; அவர்களில் 709 பேருக்கு இடம் கிடைத்தது, சுமார் 20 விழுக்காட்டினரைத் தள்ளிவைத்தார்கள், ஏறத்தாழ 70 விழுக்காட்டினரை அப்போதே மறுத்துவிட்டார்கள். அதே மாதம் ஹார்வர்டு, 7,921 பேரில் 692 பேரைச் சேர்த்துக்கொண்டு, எண்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களைத் தள்ளிவைத்தது. ஆகவே ஓரிடத்தில் தள்ளிவைப்பு என்பது மெய்யான இரண்டாம் பார்வை. இன்னோரிடத்தில் அது பெரும்பாலோருக்கும் போகிற பொதுவான பதில். இதை அறியாமல், தள்ளிவைக்கப்பட்ட பிள்ளையைப் பார்த்து "பாதி கிடைத்த மாதிரிதான்" என்று நாம் உற்சாகப்படுத்தினால், மார்ச் மாதக் கடைசியில் அதே பிள்ளை அதே கதவில் இரண்டாம் முறை முட்டிக்கொள்ள நேரும்.

தள்ளிவைக்கப்பட்டவரின் விண்ணப்பம், மார்ச் கடைசியில் முடிவு வரும் வழக்கமான சுற்றுக்கு மாறுகிறது. மாணவர், பெற்றோர், பள்ளிக் கவுன்சிலர் (கல்லூரி விண்ணப்பங்களுக்கு வழிகாட்டும் அலுவலர்) ஆகிய மூவரும் கையெழுத்திட்ட ஏர்லி டிசிஷன் உடன்படிக்கை அத்துடன் முடிந்துவிடுகிறது. வேறிடத்தில் சேரவும், விரும்பினால் வேறொரு பல்கலைக்கழகத்திற்கு இரண்டாம் சுற்று ஏர்லி டிசிஷனில் விண்ணப்பிக்கவும் பிள்ளைக்குத் தடையில்லை. சிகாகோ, வேண்டர்பில்ட், நியூயார்க் பல்கலைக்கழகம் போன்றவை அந்தச் சுற்றை வைத்திருக்கின்றன. கெடு பெரும்பாலும் ஜனவரித் தொடக்கத்தில். இங்கேதான் அவசரப்படாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அடிபட்ட வாரத்தில் எடுக்கும் முடிவு என்பதால், "எங்கேயாவது ஒரு பெரிய பெயர்" என்ற ஆவேசத்தில், பிள்ளை ஒருமுறைகூட நேரில் பார்த்திராத கல்லூரிக்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்திட்ட குடும்பங்களை அறிவேன். கட்டணத்தையும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். குறிப்பாக ஹெச்-4 விசாவில் (தற்காலிகப் பணி விசாவில் இருப்பவரைச் சார்ந்தோருக்கான விசா) இருக்கும் பிள்ளைகளுக்கு அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. பல பல்கலைக்கழகங்கள் உதவித்தொகையைப் பொறுத்தவரை அவர்களை வெளிநாட்டு மாணவர்களாகவே கருதுகின்றன. கல்லூரித் தளங்களில் உள்ள கட்டணக் கணிப்பான்கள் பெரும்பாலும் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டவை என்பதால், அதில் வரும் தொகையை மட்டும் நம்பிவிட வேண்டாம்.

இன்னொரு நடைமுறைச் செய்தி. உயர்நிலைப் பள்ளிகளின் கவுன்சிலர் அலுவலகங்கள் குளிர்கால விடுமுறைக்கு மூடப்படும் நாள் நெருங்குகிறது. புதிய கல்லூரிகளைச் சேர்ப்பதானால் மதிப்பெண் பட்டியலும் பரிந்துரையும் அங்கிருந்துதான் போக வேண்டும். விடுமுறைக்கு முன்பே உங்கள் பிள்ளை கவுன்சிலரைப் பார்த்துவிடட்டும். அரையாண்டு மதிப்பெண்களையும் கவுன்சிலரே அனுப்புவார். தள்ளிவைக்கப்பட்ட பிள்ளைக்கு இப்போது இருக்கும் வலுவான சான்று அதுதான் என்பதால், ஜனவரித் தேர்வுகளைக் கைவிட்டுவிடக் கூடாது.

தொடர்ந்து ஆர்வம் இருப்பதைத் தெரிவிக்கும் கடிதத்தைப் பிள்ளைதான் எழுத வேண்டும். ஒரு பக்கம் போதும். நவம்பருக்குப் பிறகு நடந்த புதிய செய்தி ஒன்றிரண்டும், இடம் கிடைத்தால் நிச்சயம் சேர்வேன் என்பது உண்மையானால் அந்த உறுதியும் அதில் இருக்கட்டும். சில பல்கலைக்கழகங்கள் போர்ட்டலிலேயே அதற்கெனப் படிவம் வைத்திருக்கும். சில, எதையும் அனுப்ப வேண்டாம் என்றே எழுதியிருக்கும். அதைப் படித்த பின் எழுதலாம். அப்பாவோ அம்மாவோ சேர்க்கை அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைப்பதால் நன்மை விளைந்து நான் பார்த்ததில்லை.

இந்த வாரம் கூடுதல் பரிந்துரைக் கடிதம் கேட்டுச் சில பெற்றோர் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பல்கலைக்கழகம் கூடுதல் கடிதங்களை ஏற்கிறது என்றால், எட்டு, பத்து ஆண்டுகள் சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டு இங்கே வந்த பிள்ளைக்கு மகிழ்ச்சியோடு எழுதித் தருவேன். ஆனால் அதைக் கேட்டு மாணவரே எனக்கு எழுதட்டும். பிள்ளைக்குத் தெரியாமல் பெற்றோர் கேட்கும் கடிதத்தை நான் எழுதுவதாக இல்லை.

வீட்டுப் பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. நியூஜெர்சி அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸைக் குறிப்பிட்டு, "ரட்கர்ஸ்தானே, அது எப்படியும் கிடைக்கும்" என்று நாம் ஆறுதலாகச் சொல்வதாக நினைக்கிறோம். வரும் செப்டம்பரில் அங்கேயே போகவிருக்கும் பிள்ளைக்கு அந்தத் 'தானே' எப்படிக் கேட்கும் என்று எண்ணிப் பாருங்கள். (1766-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்திற்கு நம் பரிந்துரை தேவையில்லை என்பது வேறு.) "நான் அப்போதே வேறு இடத்துக்குப் போடச் சொன்னேன்" என்று கணவனும் மனைவியும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொள்வதை, பக்கத்து அறையில் பாடம் படிப்பதுபோல் உட்கார்ந்திருக்கும் தம்பியும் தங்கையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், இரண்டு ஆண்டுகளில் அவர்கள் முறை. பிறகு, இந்தியப் பிள்ளைகள் என்பதால்தான் மறுத்தார்கள் என்ற பேச்சு. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடுத்து வழங்கிய தீர்ப்புக்குப் பின்னும் அது நம் கூடங்களில் ஓயவில்லை. அந்த வழக்கைப் பற்றி எனக்கும் கருத்து உண்டு. ஆனால் இந்த வாரச் சாப்பாட்டு மேசையில் அது, இடம் கிடைத்த வகுப்புத் தோழன்மேல் கசப்பாகத்தான் இறங்கும். திங்கட்கிழமை அவன் பக்கத்தில் உட்காரப்போவது நம் பிள்ளை.

பேசாமல் இருப்பதும் ஒரு பேச்சுதான். அந்த மாணவியின் தந்தை கோபத்தால் மௌனமாக இல்லை, என்ன சொல்வதென்று தெரியாமல்தான் இருந்தார் என்று பிறகு அவரிடம் பேசியபோது அறிந்தேன். "எனக்கும் வருத்தமாக இருக்கிறது. உன்மேல் எனக்குக் கோபமில்லை" என்ற இரண்டு வாக்கியங்கள் முதல் நாளுக்குப் போதுமானவை. பிள்ளை பல நாட்கள் தூங்காமலோ சாப்பிடாமலோ இருந்தால், வாழ்வதில் பொருளில்லை என்ற வகையில் எதையேனும் சொன்னால், அதைக் கல்லூரிக் கவலை என்று ஒதுக்காமல் அன்றே மருத்துவரை அணுகுங்கள். 988 என்ற மனநல நெருக்கடி உதவி எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

பள்ளியின் பக்கத்திலிருந்து மூன்று செய்திகள். இந்த ஆண்டு எந்த மாணவரின் கல்லூரிச் சேர்க்கையையும் மே மாதத்திற்கு முன் நம் செய்திமடலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ அறிவிக்க மாட்டோம். பெற்றோரும் குழுவில் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். உதவி ஆசிரியர்களாக இருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் ஜனவரி நடுப்பகுதி வரை காரணம் கூறாமலே விடுப்பு எடுக்கலாம். பொங்கல் விழா ஒத்திகை, விடுமுறைக்குப் பின் வரும் முதல் சனிக்கிழமை வழக்கமான வகுப்பு நேரம் முடிந்ததும் தொடங்கும். தேநீர் மேசையருகே பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்தால், எங்கே கிடைத்தது என்று கேட்காமல், கோலப்போட்டிக்கு ஆள் தேவைப்படுகிறது, வருகிறாயா என்று கேளுங்கள். உண்மையிலேயே ஆள் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்