சேலத்தில் சட்டம் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

சுற்றுச்சூழல் சட்டத்துக்கென்று மாணவர்களே நடத்தும் ஆய்விதழில் சேரலாமா என்று உங்களில் சிலர் யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். மூட் கோர்ட் எனும் மாதிரி நீதிமன்றப் போட்டி, இன்டர்ன்ஷிப், செமஸ்டர் தேர்வு எல்லாம் இருக்கும்போது அடிக்குறிப்புகளைச் சரிபார்க்க யார் ராத்திரி கண்விழிப்பது என்ற தயக்கம் புரிகிறது. இருந்தாலும் சேருங்கள். நான் அப்படிச் சொல்லக் காரணமே அந்த அடிக்குறிப்புதான்.

புதிதாகச் சேருபவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் வேலை இது: யாரோ எழுதிய கட்டுரையில் மேற்கோள் காட்டிய ஒவ்வொரு தீர்ப்பையும் மூலத்தில் தேடிப் பிடித்து, அந்தப் பத்தி அப்படித்தான் சொல்கிறதா என்று பார்ப்பது. சலிப்பான வேலைதான். ஆனால் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்குத் தயாரித்த சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில், ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பத்தி பத்தியாக நகலெடுத்திருந்தார்கள். மூலத்தைத் தேடிப் படித்தவர்களால்தான் அது வெளியே வந்தது. நம் சேர்வராயன் மலையிலும் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனார்கள். நாளை இந்த மலைக்கென்று ஓர் அறிக்கை வந்தால், அதில் எழுதியிருக்கும் மரமும் ஓடையும் இங்கே இருப்பவைதானா என்று வரி வரியாகப் பார்க்க ஆள் வேண்டும். அந்தப் பயிற்சி உங்களுக்கு வேறெங்கே கிடைக்கும்?

சேலம்-சென்னை எட்டு வழிச்சாலை வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது இங்கே எல்லோருக்கும் தெரியும். 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதைத்தான் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறோம். நிலம் எடுக்க அறிவிப்பு வெளியிட முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டியதில்லை. சாலை வேலையைத் தொடங்க அது வேண்டும். பதிவேடுகளில் உரிமையாளர் பெயரை அதற்குள் மாற்றியது செல்லாது. குப்பனூரில் காடு கழனி வைத்திருப்பவருக்கு இந்த மூன்றும் மூன்று வேறு விஷயங்கள். தமிழில், இரண்டே பக்கத்தில், தப்பில்லாமல் எழுதிக் கொடுத்தால் அவர் படித்துக்கொள்வார்.

அதனால் ஒரு கோரிக்கை. சேர்ந்த கையோடு, இதழில் தமிழுக்கும் சில பக்கம் கேளுங்கள். மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, ஒரு திட்டத்தைப் பற்றிய மக்கள் கருத்துக் கேட்புக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் மட்டும் உள்ளூர் மொழியில் வரும். மற்றதெல்லாம் கனமான ஆங்கிலம். சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள், அவ்வளவுதான். விஷயம் புரிவதற்குள் கெடு முடிந்துபோன ஊர்க்காரர்கள் கட்டோடு காகிதங்களைத் தூக்கிக்கொண்டு வரும்போது, வக்கீலாக அவர்களிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பது மிகவும் வேதனையாக இருக்கிறது.

மாணவர்கள் நடத்தும் இதழ் எத்தனை நாள் தாங்கும் என்று யாராவது கேட்டால், கலிஃபோர்னியாவில் பெர்க்லி மாணவர்கள் 1971இல் தொடங்கிய சுற்றுச்சூழல் சட்டக் காலாண்டிதழ் இன்றும் வருகிறது என்று சொல்லுங்கள்.

அப்புறம், முதல் தமிழ்க் கட்டுரைக்குத் திருமணிமுத்தாற்றை எடுத்துக்கொள்ளலாம். சேர்வராயன் மலையில் பிறந்து நம் ஊர் நடுவே சாயக் கழிவைச் சுமந்து போகும் ஆறு அது. ஆதாரங்களைச் சரிபார்க்க ஒரு கை குறைந்தால் கூப்பிடுங்கள், நான் வருகிறேன்.

அன்புடன்,
சேலம் நீதிமன்றத்தில் வழக்காடும் உங்கள் அக்கா