பட்டாளத்து மெக்கானிக் எங்கள் அப்பா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1971 டிசம்பர் 16, டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த நாள். ஆண்டுதோறும் அன்று காலையில் எங்கள் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வார். அந்தப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற இராணுவப் பொறியியல் படையில் இருந்தவர். போரைப் பற்றி அதிகம் பேசமாட்டார். இந்த வருடம் அந்தச் சட்டை கொடியில் காயவில்லை. ஐப்பசியில் போய்விட்டார்.

ஓய்வு பெற்று வந்ததும் மன்னார்குடியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்தார். வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் வீட்டில் தூக்கம் இருக்காது. மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் முன்பே குறுவை நாற்றுக்குப் போர்வெல் தண்ணீர் வேண்டுமே! செம்புக் கம்பியின் நுனியைத் தீக்குச்சியால் சுட்டு, பிளேடால் சுரண்டி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வார்னிஷ் ஈரம் போக 200 வாட் பல்பை மோட்டாருக்குள் தொங்கவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொள்வார்.

2018 கஜா புயலில் கம்பமெல்லாம் சாய்ந்து கிடந்தபோது, எழுபதை நெருங்கிய வயதில் தெருத்தெருவாகப் போய் ஜெனரேட்டர் பழுது பார்த்தார், குடிதண்ணீர்த் தொட்டி நிரம்பட்டும் என்று.

அம்மா மூன்று வருடம் படுக்கையில் கிடந்தார். தலை வாரிப் பின்னிவிட்டது அப்பாதான். பின்னல் காயில் மாதிரியே இறுக்கமாக, ஒரு முடி பிசகாமல் இருக்கும்.

அவர் கடைசியாகக் கட்டிய மோட்டார் வடுவூர் விவசாயி ஒருவருடையது. போன வாரம் அவர் பணத்தோடு வந்து நின்றார். மோட்டார் நன்றாக ஓடுகிறதாம்.

— ஒரு மகள், மன்னார்குடி