செயலாளர் ஆண்டறிக்கை 2024: யாங்கோனில் சோறு போட்ட கடைகள்

தலைவர் அவர்களுக்கும் மூத்தவர்களுக்கும் தாய்மார்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் திருக்குறள் போட்டியும் நடத்துகிறோமே தவிர, இந்த ஊரில் நம்மவர் வாழ்ந்த கதையை எழுதி வைக்கவில்லையே என்று போன பொதுக்குழுவில் ஒரு பெரியவர் கேட்டார். கேட்டவரை விட்டுவிட்டு அந்த வேலையை என் தலையில் கட்டினீர்கள். கோயில் வரலாறு எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சோற்றுப் பக்கம் போனேன். இந்த வருட மாதக் கூட்டங்களில் பாதி, நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றியே நடந்தன. மின்வெட்டால் இரண்டு கூட்டங்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடந்தன. கதை கேட்க அதுவும் தோதாகத்தான் இருந்தது.

அப்போது ரங்கூன் என்ற பெயரிலிருந்த நம் ஊரை 1852இல் பிடித்த ஆங்கிலேயர், சுலே பகோடாவை நடுவில் வைத்துக் கோடு போட்ட நோட்டுப் போலத் தெருக்களை அமைத்தார்கள். துறைமுகத்துக்கும் அரிசி ஆலைக்கும் கைவண்டி இழுக்கவும் கப்பலேறி வந்தவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள். 1931 கணக்கெடுப்பில் நகர மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். ஓர் அறையில் பலர் முடங்கிக் கிடக்கும் இடத்தில் அடுப்பு எங்கே வைப்பது, யார் சமைப்பது? நம் சாப்பாட்டுக் கடை அதனால்தான் வந்தது என்பது என் எண்ணம். ஆசைக்கு ஹோட்டலில் சாப்பிடுவதெல்லாம் அப்புறம் வந்த பழக்கம். மொகல் தெருவில் கிட்டங்கி என்ற தொழில் விடுதிகளில் இருந்த நகரத்தாருக்குச் சொந்தச் சமையல்காரர் உண்டு, அவர்களுக்குக் கடை தேவைப்படவில்லை. 1901இல் சார்கீஸ் சகோதரர்கள் ஆற்றோரம் ஸ்ட்ராண்ட் ஹோட்டலைத் திறந்தார்கள். நம் பாட்டன்மார் அதை வெளியே நின்று பார்த்ததோடு சரி.

1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான் குண்டு போட்டது. ஊர் காலியானது. கால்நடையாகவே இந்தியாவுக்குக் கிளம்பியவர்கள் ஏராளம். சண்டை முடிந்து திரும்பியவர்கள் மறுபடி அடுப்பு மூட்டினார்கள். 1964இல் விழுந்தது அடுத்த அடி. மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டு நம்பர் போட்ட மக்கள் கடைகளாக்கியது. மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றது. அப்போது கல்லாவில் உட்கார்ந்திருந்த ஒருவரின் மகன் நம் உறுப்பினர். அந்தக் கூட்டத்தில் பேச எழுந்தவர், தகப்பனார் நோட்டுக் கட்டை என்ன செய்தார் என்ற இடம் வந்ததும் உட்கார்ந்துவிட்டார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

நம்மவர் லட்சக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பிரேசர் தெரு அனவ்ரட்டா சாலையாயிற்று, மொகல் தெரு ஷ்வே பொந்தா தெருவாயிற்று. சாப்பாடு மட்டும் கப்பலேறாமல் பர்மியப் பெயர் வைத்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டது. பரோட்டா பலாட்டா ஆனது. தோசை டோஷே ஆனது. பர்மிய எழுத்தில் அதைப் படித்தால் 'டோ' என்றால் குட்டை, 'ஷே' என்றால் நீளம்! நம் வீட்டுத் தோசை குட்டையா நீளமா என்று பேரப்பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

செப்டம்பரில் இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு டீக்கடைகளைச் சுற்றினோம். ஒரு கடையில் சமூசா தோ, அதாவது சமோசாக் கலவை போடும் அம்மாவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தி கிடையாது. சமோசாவைக் கையில் பிடித்துக் கத்தரிக்கோலால் கிண்ணத்துக்குள் நறுக் நறுக்கென்று வெட்டுகிறார். மேலே முட்டைகோஸ், வெங்காயம், புதினா, ஒரு கரண்டி கடலைப்பருப்புக் குழம்பு. நம் சமோசாவை வெட்டிக் கலந்து உண்ண வைத்தது பர்மியக் கை. இந்த 'தோ'தான் சென்னைக்குப் போய் பர்மா பஜார்ப் பக்கம் அத்தோவாக விற்கிறது.

மேசைமேல் வெறுந்தேநீர்க் கெண்டி எப்போதும் இருக்கும், அதற்குக் காசில்லை. பால் டீ வேண்டுமென்றால் தித்திப்பாகப் பால் தூக்கலாக ச்சோ செயிங், கடுப்பாக ச்சா செயிங், நடுவாந்தரமாக பொன் ஹ்மன். உதட்டைக் குவித்து முத்தம் கொடுப்பதுபோல் சத்தம் கொடுத்தால் பையன் ஓடி வருவான். எனக்கு இன்றுவரை அந்தச் சத்தம் வரவில்லை, "தம்பி" என்றுதான் கூப்பிடுகிறேன். அவனும் வருகிறான்.

இனி மனக்குறை ஒன்று. ஆண்டு விருந்துக்கு ஒரு கடையில் நூறு இலைக்கு முன்பணம் கட்டியிருந்தோம். பந்தி உட்கார்ந்து முக்கால் மணி நேரம் கழித்து ஆறிப்போன சாம்பார் வந்தது, அப்பளம் வரவேயில்லை. சாப்பாட்டுக் கடை வரலாறு பேசும் சங்கத்துக்கு இது தேவையா என்று முன்வரிசையில் ஒரு அண்ணன் உரக்கவே கேட்டார். பொறுப்பு என்னுடையது, மன்னிக்கவும். அடுத்த ஆண்டு நம் அம்மாக்களே சமைப்பதாகச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. அம்மாக்களிடம் இன்னும் கேட்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சேகரித்த பழைய புகைப்படங்கள் அலமாரியில் இருக்கின்றன. வீட்டில் கடை ரசீது, இலைக் கணக்கு நோட்டு, பெயர்ப் பலகை எதுவானாலும் கொண்டு வாருங்கள், படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம்.

கடைசியாக, சங்கத்தின் பெரிய அண்டாவையும் இரண்டு சாரணிகளையும் ஆடித் திருவிழாவுக்கு வாங்கிப் போனவர்கள், தயவுசெய்து இந்த மாதத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்