கொப்பி வைத்திருந்த நானாவுக்கு நன்றி

2022 ஜூன், ஜூலை மாதங்களில், இலங்கை முழுக்க எரிபொருள் தட்டுப்பாடு இருந்த நேரம், திருகோணமலையில் பெற்றோல் செட் வாசலில் காய்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பக்கத்துச் சீனக்குடாவில் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. ஊருக்குள் ஒரு லீற்றருக்குத் தவம்! எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை அப்போது முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. என் ஓட்டோவும் அந்த வரிசையில்தான் கிடந்தது.

நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. யாரும் உங்களைத் தலைவராக நியமிக்கவும் இல்லை. வரிசையில் இடைச்செருகல், தள்ளுமுள்ளு தொடங்கியதும் ஒரு சீஆர் கொப்பியை எடுத்து வாகன இலக்கங்களை எழுதத் தொடங்கினீர்கள். தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிப் பேசினீர்கள். ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லை. சத்தம் போட்டவர்களிடமே கொப்பியைக் கொடுத்து, "நீங்க கொஞ்சம் எழுதுங்க தம்பி" என்றீர்களே, அந்தக் கெட்டித்தனம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது.

பிள்ளைத்தாச்சி மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு ஐயா கெஞ்சி நின்றபோது, எல்லோரும் அடுத்தவன் முகத்தைப் பார்த்தோம். நீங்கள் உங்கள் மோட்டார் சைக்கிளை உருட்டி எடுத்து, அவருக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டு, வரிசையின் கடைசிக்குப் போனீர்கள். அதற்குப் பிறகு அங்கே யாரும் முண்டியடிக்கவில்லை.

இந்த நானாவைத் தெரிந்தவர்கள் அவருக்கு இதைக் காட்டுங்கள். ஒரு தேத்தண்ணி குடிக்கவாவது வரச்சொல்லுங்கள்.