விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் முன்: வீட்டு விலங்குகள் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

முழு ஆண்டுத் தேர்வு முடியப் போகிறது. பலர் ஊருக்குக் கிளம்பும் ஏற்பாட்டில் இருப்பீர்கள். அதற்கு முன், வீட்டில் வளரும் நாய், பூனை, ஆடு, கோழிகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

ஐந்தாம் வகுப்பில் வீட்டு விலங்கு பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னோம். ஒரு பிள்ளை எழுதியது: "எங்க நாய்க்குச் சங்கிலி குட்டை. தண்ணிச் சட்டி வரைக்கும் எட்டாது. நான்தான் காலால தள்ளி விடுவேன்." படித்ததும் மனது கேட்கவில்லை. யார் வீடு என்று சொல்லப் போவதில்லை. பல வீடுகளில் இதுதான் நிலைமை.

இதற்குச் சட்டம் இருக்கிறது. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டது. வளர்ப்பவர்தான் விலங்கின் நலனுக்குப் பொறுப்பு என்கிறது அதன் 3-ஆம் பிரிவு. போதுமான தீனி, தண்ணீர், ஒதுங்க இடம் தராமல் இருப்பது 11-ஆம் பிரிவின்படி குற்றம். மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவதும், கட்டியே கிடக்கும் நாயை நடக்க வைக்காமல் இருப்பதும், பட்டினி கிடக்கும்படி எங்காவது விட்டுவிட்டு வருவதும் அப்படியே.

முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் என்றுதான் அதில் இருக்கிறது. அதை வைத்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விலங்கைக் கொன்றாலோ முடமாக்கினாலோ இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை.

ஆகவே ஊருக்குப் போகும்போது சட்டி நிறையச் சோறு வைத்துவிட்டுப் பூட்டிப் போகாதீர்கள். இந்த வெயிலில் அரை நாளில் புளித்துவிடும். அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் பொறுப்பைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அப்புறம், பள்ளி வாசலில் அட்டைப்பெட்டியில் குட்டிகளை விட்டுச் செல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். போன முறை வந்தவை கண்கூடத் திறக்காதவை. தாய்ப்பால் இல்லாமல் அவை பிழைப்பது கடினம்; பார்த்த பிள்ளைகள் அன்று சாப்பிடவே இல்லை. குட்டி வேண்டாமென்றால் கருத்தடைக்குக் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியையும் தவறவிடாதீர்கள். நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்க வேண்டாம்.

கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வைத்திருப்பவர்கள் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். எப்படி என்று தெரியாவிட்டால், மாலை 4 மணிக்கு மேல் பள்ளிக்கு வாருங்கள், சேர்ந்தே பேசுவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்