எரிகிறது, அதுதான் பிரச்சினை

வணக்கம்.

மதுரையில் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். நாலு மாசத்துக்கு முன்னால் சோக் வைத்த பழைய டியூப்களைக் கழற்றிவிட்டு உங்கள் கம்பெனியின் 20 வாட் எல்இடி பேட்டன் (டியூப் மாதிரி நீளமான லைட்) ஆறு வாங்கி மாட்டினேன். கரண்ட் பில் குறைந்தது, இல்லை என்று சொல்லவில்லை. வெளிச்சமும் பளீரென்று இருக்கிறது. ஆனால் மூன்றாம் நாளிலிருந்தே சாயங்காலம் ஆனால் நெற்றிப்பொட்டு தெறிக்கிறது, கண் எரிகிறது, கறுப்புத் துணியில் கறுப்புத் தையலைப் பிரிக்க உட்கார்ந்தால் தையல் வரி லேசாக அசைகிற மாதிரி இருக்கிறது. காஜா எடுக்கிற பையனுக்கு இருபது வயசுதான், அவனும் இதையே சொல்கிறான்.

உங்கள் கஸ்டமர் கேரில் பேசிய தம்பி, "புது வெளிச்சம் சார், ஒரு வாரத்தில் பழகிவிடும், இல்லாவிட்டால் கண்ணை டெஸ்ட் பண்ணிப் பாருங்கள்" என்றார். பண்ணினேன். போன வருஷம் இருந்த அதே பவர்தான்.

அப்புறம்தான் செல்போனில் ஸ்லோ மோஷன் வைத்து லைட்டைப் படம் பிடித்தேன். அணைந்து அணைந்து எரிகிறது! நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 சுற்று, சுற்றுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும், அதனால் உள்ளே கரண்டை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற டிரைவர் சர்க்யூட் ஒழுங்காக இல்லையென்றால் லைட் வினாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும், கண்ணுக்குத் தெரியாது, தலைவலிதான் தெரியும் என்று எலக்ட்ரீஷியன் விளக்கினார். ஒன்றைப் பிரித்தும் காட்டினார். அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்ய வேண்டிய கெப்பாசிட்டரே உள்ளே இல்லை. குண்டு பல்பில் இந்தத் தொல்லை இவ்வளவு கிடையாது, கம்பி சூடாக இருப்பதால் அதற்குள் அணைய நேரம் இருக்காது. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் இருக்கிற வேறு கம்பெனி எல்இடியையும் அதே போனில் எடுத்துப் பார்த்தேன், ஆடாமல் எரிகிறது. ஆக எல்இடி மேல் குற்றம் இல்லை, நீங்கள் மிச்சம் பிடித்ததில்தான்.

இதைவிடப் பயமுறுத்தியது இன்னொன்று. பவர் மெஷின் சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து ஓட்டினேன். ஒரு குறிப்பிட்ட வேகம் வந்ததும் இந்தத் துடிப்பால் அந்த ஒரு புள்ளி எதிரெதிரே இரண்டு புள்ளியாக அசையாமல் நிற்கிறது. ஓடுகிற சக்கரம் நிற்பதாக நினைத்து யாராவது கையை வைத்தால் யார் பொறுப்பு?

வாங்கின கடையில் கேட்டால், "இரண்டு வருஷ வாரண்டி எரியாமல் போனால்தான், இது எரிகிறதே" என்கிறார்கள். எரிகிறது, அதுதான் பிரச்சினை என்று சொன்னால் சிரிக்கிறார்கள். உங்கள் அட்டைப் பெட்டியில் வாட், லூமென், 6500 கே, ஆயுள் எத்தனை மணி நேரம் என்று எல்லாம் இருக்கிறது, இந்தத் துடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஐரோப்பாவில் 2021 செப்டம்பரிலிருந்து இதற்கு வரம்பே வைத்துவிட்டார்கள். இங்கே வாங்குகிறவனுக்கும் கண் இரண்டுதான்.

பிரித்துப் பார்த்ததையும் சேர்த்து ஆறு லைட்டையும் எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் துடிக்காத லைட்டாக மாற்றிக் கொடுங்கள். பில், இரண்டு வீடியோ, கண் டாக்டர் சீட்டு மூன்றும் இதோடு அனுப்பியிருக்கிறேன். 15 நாள் பார்ப்பேன். அதன் பிறகு நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுவேன், அதிலும் நடக்கவில்லையென்றால் நுகர்வோர் ஆணையத்தில் மனு, என் தொகைக்கு அங்கே கட்டணம்கூடக் கிடையாதாம். இப்போதைக்கு வாசல் பக்கம் மெஷினை இழுத்துப் போட்டு, ஆறு மணிக்குள் தைத்து முடிக்கிறேன். தீபாவளி ஆர்டர் நேரத்தில் அது முடியாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், மதுரை