புகைபிடிப்பவர்களுக்கு அந்த மாத்திரை வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் செல்லைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ராடிக்கல் என்ற துகள்களை அடக்கும் என்று சொல்லி விற்கிற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா எப்படிச் சக்தி தயாரிக்கிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தார்கள். சந்தோஷம். ஆனால் கடைசியில் பக்கவிளைவே கிடையாது, யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம், அதிலும் புகைபிடிப்பவர்களுக்கு ரொம்ப நல்லது என்று முடித்திருந்தார்களே, அங்கேதான் எனக்குப் பகீரென்றது. மயிலாடுதுறையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பத்திரிகைப் பக்கத்தைக் கிழித்து எடுத்துவந்து, "இதுல போட்டிருக்கிற மாத்திரை குடுங்க" என்று கேட்பவர்கள் இங்கே நிறையப் பேர்.

புகைபிடிப்பவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தே விட்டார்கள். காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது, அவர்கள் ரத்தத்தில் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் அதிகம் என்று தெரிந்ததும், அதையே மாத்திரையாக்கினால் என்ன என்ற யோசனை வந்தது. பின்லாந்தில் 50 முதல் 69 வயது வரையுள்ள, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்தார்கள். சிலருக்கு பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. 1994-இல் முடிவு வந்தபோது பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. குறையும் என்று நினைத்துக் கொடுத்தது! ஏதோ ஒரு நாட்டில் தவறுதலாக நடந்ததென்று தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களுக்கும் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்த ஆய்வை, 1996 ஜனவரியில், முடிய வேண்டிய காலத்துக்கு 21 மாதம் முன்னதாகவே நிறுத்தினார்கள். அங்கே அதிகரிப்பு 28 சதவீதம்.

முருங்கைக்கீரையிலும் கேரட்டிலும் இருக்கிற பீட்டா கரோட்டினைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். நான் சொல்வது மாத்திரையில் அடைத்த அளவைப் பற்றி.

ஃப்ரீ ராடிக்கல் என்றாலே எதிரி என்று கட்டுரை சொல்கிறது. உடம்பு அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை. நாம் வேர்க்க வேர்க்க நடக்கும்போது அவை அதிகமாகத்தான் செய்கின்றன. அந்தக் கூடுதலைப் பார்த்துத்தான் செல் தன்னைப் பலப்படுத்திக்கொள்கிறது. ஜெர்மனியில் இளைஞர்களுக்கு நான்கு வாரம் உடற்பயிற்சி கொடுத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும் கொடுத்தார்கள், இரண்டும் ஆன்டிஆக்சிடன்ட்தான். 2009-இல் வெளியான முடிவு: மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது, சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. காலையில் வாக்கிங் போய்விட்டு வந்து மாத்திரையும் போடுகிற சர்க்கரைக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எல்லாமே வீண் என்று சொல்லவும் நான் வரவில்லை. கட்டுரையில் சிலாகித்த கோ என்சைம் க்யூ10, மைட்டோகாண்ட்ரியாவில் நிஜமாகவே வேலை உள்ள பொருள். இதயம் பலவீனமான 420 நோயாளிகளுக்கு, வழக்கமான மருந்துகளோடு தினமும் 300 மில்லிகிராம் கொடுத்த ஆய்வில் நல்ல பலன் தெரிந்ததாக 2014-இல் வெளியிட்டார்கள். சரி, அது இதய நோயாளிக்கு, டாக்டர் கண்காணிப்பில். மத்தியானம் தூக்கம் வருகிறது என்பவருக்கு அதே பலன் எப்படி வரும்? தவிர, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு அந்த மருந்தின் வேகத்தை இது குறைத்துவிடலாம். பக்கவிளைவே கிடையாது என்ற வரிக்கு இது ஒன்றே போதும்.

கடையில் இந்த டப்பாக்கள் முன்வரிசையில் பளபளவென்று இருக்கும். திருப்பிப் பார்த்தால் லைகோபீன், செலினியம், துத்தநாகம், பீட்டா கரோட்டின் என்று எல்லாவற்றையும் ஒரே கேப்சூலில் போட்டிருப்பார்கள். கூடவே 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி அதைப் போட்டே ஆக வேண்டும். வாங்குகிறவர் அதைப் படிப்பதில்லை, விற்கிற நாங்களும் படித்துக் காட்டுவதில்லை. (இதில் எங்களுக்கு லாபம் அதிகம், மறைப்பானேன்.)

எனக்கு அதைவிடக் கவலை, "அசதியா இருக்கு, சக்திக்கு ஏதாவது குடுங்க" என்று வரும் பெண்களைப் பற்றித்தான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனையும் இலவசம், இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம். அதை விட்டுவிட்டு ஆயிரம் ரூபாய் டப்பாவை மாதக்கணக்கில் சாப்பிட்டால், தைராய்டோ சர்க்கரையோ எது காரணமாக இருந்தாலும் அது உள்ளேயே வளரும்.

அடுத்த இதழில் அதே பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள்: புகைபிடிப்பவர்களும், புகைப்பதை விட்டவர்களும் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட வேண்டாம், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்தச் சத்து மாத்திரையும் தொடங்க வேண்டாம். இடமில்லை என்றால் என் கடிதத்தை எப்படி வேண்டுமானாலும் சுருக்கிக்கொள்ளுங்கள், அந்த இரண்டை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
மயிலாடுதுறை